சாட்சி நேரமும் சாட்சிக் கூண்டும்

சாட்சி என்ற சொல் இன்றும் முழு உயிரோடு புழங்கும் இடங்கள் தமிழில் இரண்டு: நீதிமன்றம், தேவாலயம். நீதிமன்றத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: கண்டதைச் சொல்பவர். தேவாலயத்தில் அப்படியில்லை. தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டங்களில் "சாட்சி சொல்லுங்க" என்றால், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். இரத்தசாட்சி என்றால் விசுவாசத்துக்காக உயிர்விட்டவர். கத்தோலிக்கர் மறைசாட்சி என்பார்கள். மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. அது அகராதியில் கிடைக்காது, கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த பெண்களைக் கேட்டால் கிடைக்கும். "சாட்சியக் கெடுத்துறாத", "சாட்சியுள்ள குடும்பம்", "அவங்க சாட்சி போச்சு." இங்கே சாட்சி என்றால் மானம், சபையில் உள்ள நற்பெயர். கண்டதைச் சொல்வதற்கென்று இருந்த சொல், கண்டதைச் சொல்லாமல் இருந்து காப்பாற்ற வேண்டிய ஒன்றாகிவிட்டது. காப்பாற்றும் வேலை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அப்பா கைதாகும்போது இந்தப் பொருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதலுக்கு நடுவில் நிற்பவள் அம்மா. தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாசித்த, எழுதிய பிரதிகள் அவளை என்ன செய்தன என்பதுதான் என் கேள்வி.

நம் வீடுகளில் வேதப்புத்தகத்துக்கு அடுத்து இருந்த புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். 'மோட்சப் பிரயாணம்' என்று தமிழில் அறியப்பட்ட ஜான் பன்யனின் நூல், ஒரு கைதியின் நூல். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளியான பன்யன், அரசுத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 நவம்பரில் கைதாகி, ஏறத்தாழ 12 ஆண்டுகள் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார். இது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் கைதானபோது வீட்டில் யார் இருந்தார்கள் என்பதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. முதல் மனைவி இறந்து இரண்டு ஆண்டு. அவள் விட்டுப்போன பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவள் மேரிக்குப் பார்வை கிடையாது. முந்தைய ஆண்டு மணந்துகொண்ட இளம் மனைவி எலிசபெத் நிறைசூலி. கைதுச் செய்தி கேட்ட அதிர்ச்சியில் அவளுக்கு நாளாகும் முன்பே வலி கண்டது. குழந்தை தங்கவில்லை.

1661 ஆகஸ்டில் இந்த எலிசபெத், பெட்ஃபோர்டில் ஒரு விடுதி அறையில் கூடியிருந்த நீதிபதிகளின் முன் தனியாகப் போய் நின்றாள். அதற்கு முன்பே லண்டனுக்குப் போய் பிரபுக்கள் சபை வரை மனு கொண்டுசென்றிருந்தாள். பிரசங்கத்தை நிறுத்தினால் விட்டுவிடலாமே என்று கேட்டதற்கு, பேச நாவுள்ளவரை அவர் நிறுத்தத் துணியமாட்டார் என்றாள். நான்கு பிள்ளைகள், ஒன்றுக்குக் கண் தெரியாது, நல்ல மனிதர்களின் தர்மத்தைத் தவிரப் பிழைக்க வழியில்லை என்றாள். ஏழை என்பதால்தான், பாத்திரக்காரன் என்பதால்தான் அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வெளியே வரும்போது அழுதாள். தன் நிலைமைக்காக அல்ல, இந்த நீதிபதிகள் ஒருநாள் கர்த்தருக்கு முன் கொடுக்க வேண்டிய கணக்கை நினைத்து. விசுவாசம் என்றால் இதைத்தான் நான் விசுவாசம் என்பேன். அவள் சொன்னதைப் பன்யன் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு அச்சேறியது 1765இல், அவர் இறந்து முக்கால் நூற்றாண்டுக்கும் பிறகு.

உலகம் முழுவதும் போனது வேறு பக்கம். 1678இல் வெளிவந்த முதற்பாகத்தில் பயணி வீட்டைவிட்டு ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவன் காதுகளை விரலால் அடைத்துக்கொண்டு ஓடுகிறான். அந்த இடத்தில் எப்போதும் தயங்கி நிற்கிறேன். சிறையில் உட்கார்ந்து நாடா முடைந்து விற்றுப் பிள்ளைகளுக்குக் காசு அனுப்பியவர், மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போல இருந்தது என்று தன் வரலாற்றில் எழுதியவர், கதை என்று வந்ததும் குடும்பத்தைச் சத்தமாக மட்டும் ஆக்கிவிட்டார். 1684இல் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் பயணியின் மனைவி கிறிஸ்டியானா பிள்ளைகளோடு அதே வழியில் புறப்படுகிறாள். ஆனால் எப்படிப் புறப்படுகிறாள்? கணவனோடு அன்றே போகாமல் மனம் கடினப்பட்டு இருந்துவிட்டோமே என்று அழுதுகொண்டு. நீதிபதிகளை எதிர்த்து நின்றவள் நிஜத்தில் இருந்தாள். கதைக்குக் கிடைத்தது மனம் வருந்துகிறவள்.

கிறிஸ்தவக் கம்பர் என்று நாம் பாராட்டும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தபோது காவியமாக்கியது அந்தத் தனி ஆணின் பயணத்தைத்தான். மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பாடல்கள்; குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளைப் பாடும் இடங்கள் தமிழின் உயர்ந்த இடங்கள். அந்த நூலை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன், நடத்தும்போது மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனாலும் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெருங்காவியம் வீட்டைவிட்டு வெளியேறுவதை மீட்பின் முதல் அடியாக வைத்தது. வீட்டில் இருந்தபடியே விசுவாசத்தைக் காப்பாற்றிய பெண்ணுக்குக் காவியம் வேண்டியிருக்கவில்லை.

தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றிலும் இந்த வெற்றிடம் உண்டு. திருவிதாங்கூர் அரசில் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார், 1749இல் கைது, மூன்று ஆண்டு அலைக்கழிப்புக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது, திருமணமான பொதுநிலையினர் ஒருவர் இந்தியாவிலிருந்து முதன்முதலாகப் புனிதராகிறார் என்று எல்லா மேடைகளிலும் சொன்னார்கள். திருமணமானவர் என்றால் மனைவி ஒருத்தி இருந்திருக்க வேண்டுமே. பார்கவி, திருமுழுக்குக்குப் பின் ஞானப்பூ. கணவர் எருமை மேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளில் நாயர் குடும்பத்தில் பிறந்து மதம் மாறிய ஒரு பெண் எப்படி இருந்திருப்பாள்? அவருக்குப் பின் அவள் வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானாள் என்று மரபு சொல்கிறது. ஒருவருக்கு மறைசாட்சி என்ற பட்டம். எல்லாவற்றையும் கண்டிருக்கக்கூடியவளுக்கு ஒரு கல்லறை.

இந்த வரிசையை உடைத்த நூல் பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்த இந்த நூலைத் தலித் தன்வரலாறாகவும், கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்த பெண்ணின் நூலாகவும் வாசித்துப் பழகிவிட்டோம். கைதான ஆண்களின் வீடுகளைப் பற்றிய நூலாகவும் அதை வாசிக்க வேண்டும். கல்லறை நிலத்துக்காகச் சாலியருக்கும் பறையருக்கும் தகராறு. போலீஸ் ஒரு பக்கம் நின்று ஊருக்குள் புகுகிறது. ஆண்கள் அடிபட்டு இழுத்துச் செல்லப்படுகிறார்கள், மிஞ்சியவர்கள் மறைந்து திரிகிறார்கள். மாதாவைக் கும்பிட்டு, பூசைக்குப் போய், திவ்விய நற்கருணை வாங்கிய ஊர் இது. அங்கே ஆண்கள் இல்லாத தெருவை ஒரு சிறுமியின் கண் பார்க்கிறது. வயல்வேலை, வீட்டுவேலை, ஒளிந்திருப்பவனுக்குச் சோறு, இரவில் வீடு வீடாக நுழையும் போலீசுக்குப் பதில் சொல்வது எல்லாம் பெண்கள் மேல் விழுகிறது. பாமா இதை வீரமாக எழுதவில்லை, வேலையாக எழுதுகிறார்.

அந்த நாட்களில் ஒரு சிறுவன் இறந்துபோகிறான். அப்பா தலைமறைவாக இருக்கிறார், வந்தால் பிடித்துவிடுவார்கள். பெண்கள் அவருக்குச் சேலை கட்டி, முக்காடு போட்டு, ஒப்பாரி வைக்கும் பெண்களோடு பெண்ணாகக் கூட்டி வந்து மகனின் முகத்தைக் காட்டுகிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தில் இதற்கு இணையான அடக்கச் சடங்கு ஒன்று எனக்கு நினைவில்லை. ஜெபத்தையும் மந்திரிப்பையும் சாமியார் பார்த்துக்கொள்வார். தகப்பனைத் தகப்பனாக அங்கே கொண்டுவந்து நிறுத்தும் சடங்கைப் பெண்கள்தான் செய்கிறார்கள், தங்களிடம் இருந்த ஒரே கருவியைக் கொண்டு. பெண் உடை ஆணுக்கு அவமானம் என்ற எண்ணம் அந்தத் தெருவில் அன்று ஒரு நொடிகூடக் குறுக்கே வரவில்லை. மோட்சப் பிரயாணி காதை அடைத்துக்கொண்டு ஓடிய கூட்டத்துக்குள் இந்த அப்பா முக்காடு போட்டுக்கொண்டு நுழைகிறார். திருச்சபை என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கும் மாணவிகளுக்கு இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

'கருக்கு' சொல்லும் காலம் அரை நூற்றாண்டுக்கு முந்தையது என்று விட்டுவிட முடியாதபடி 2020 ஜூன் வந்தது. ஜூன் 19 அன்று சென்னையிலும் செங்கல்பட்டு உள்ளிட்ட பக்கத்து மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு தொடங்கியது. கோவில்கள் எல்லாம் ஏற்கெனவே பூட்டியிருந்தன. தாம்பரத்துச் சபைகள் செல்போனுக்குள் குடியேறியிருந்தன. அதே நாள் மாலை தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி ஜெயராஜைப் போலீசார் அழைத்துச் சென்றார்கள். அப்பாவை ஏன் பிடித்தார்கள் என்று கேட்கப் போன மகன் பென்னிக்ஸும் திரும்பவில்லை. இரவு முழுவதும் அடி. மறுநாள் கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி மகனும் 23ஆம் தேதி தந்தையும் இறந்தார்கள். இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் காயம்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. இரத்தம் நிற்காததால் லுங்கி மாற்ற வேண்டியிருந்தது, அடர்நிறத்தில் கொண்டுவரச் சொன்னார்கள் என்று குடும்பத்தினரும் நண்பர்களும் சொன்னார்கள். அடர்நிறம் எதற்கு என்று துணி துவைக்கும் எவளுக்கும் விளக்க வேண்டியதில்லை.

தென்சென்னைப் புறநகரில் நெல்லை, தூத்துக்குடி கிறிஸ்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள். தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி அப்படியே தங்கிவிட்ட இரண்டு மூன்று தலைமுறைகள். அந்த வாரம் இங்கே எல்லார் போனிலும் சாத்தான்குளம்தான். அழுதார்கள், கோபப்பட்டார்கள். அதற்கு நடுவே இன்னொரு குரலும் கேட்டது: "நேரத்துக்குக் கடைய அடச்சிருக்கலாம்ல?" அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிப் பவுல் ரோமருக்கு எழுதியதை எடுத்துப் போட்டவர்களும் உண்டு. அடிபட்டவரின் தரப்பில் ஒரு சின்னக் குறையாவது கண்டுபிடித்தால்தான் நம் வீட்டுக்கு அது வராது என்று நம்ப முடியும். சாட்சியுள்ள குடும்பம் என்ற பிம்பத்தின் அஸ்திவாரமே இந்தப் பயம்தான்.

பிறகு நடந்ததைப் பெண்கள் வழியாகப் பார்க்க வேண்டும். சாத்தான்குளம் காவல் நிலையத் தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த நீதித்துறை நடுவர் பாரதிதாசனிடம் அந்த இரவில் கண்டதைச் சொன்னார்: லத்திகளிலும் மேசையிலும் இரத்தக்கறை இருந்தது, அழித்துவிடுவார்கள் என்று. யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று பயந்துகொண்டே சொன்னார், கையெழுத்துப் போட நெடுநேரம் தயங்கினார், கடைசியில் போட்டார். மதுரை உயர் நீதிமன்றக் கிளை அவருக்குப் பாதுகாப்பு தர வேண்டியிருந்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், ஒன்பது காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகி, விசாரணை மதுரையில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஜெயராஜின் மனைவி செல்வராணி, அவர் மகள், ரேவதி மூவரும் கூண்டில் ஏறிச் சாட்சியம் அளித்தார்கள். கணவனையும் மகனையும் ஒரே வாரத்தில் இழந்த பெண்ணின் ஜெபத்தைப் பற்றி எழுத யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கூண்டில் அவர் சொன்னது பொதுவெளியில் சொன்னது. அதைச் சாட்சி என்று எந்தப் பிரசங்கமாவது எடுத்துச் சொன்னதா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. நான் கேட்ட பிரசங்கங்களில் அந்தக் குடும்பம் துயரத்துக்கு உவமையாக வந்தது. ஆறுதல் பெற வேண்டியவர்களாக வந்தது. சாட்சியாக வரவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: சிறைக்குப் போன அந்தக் காவலர்களின் வீடுகளிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். மனு போட்டுப் பார்க்கக் காத்து நிற்கும் வரிசையில் யாருடைய அப்பா என்ன செய்தார் என்று பார்த்தா வெயில் அடிக்கிறது?

சாத்தான்குளம் உலகமறிந்த வழக்கு. புறநகரில் அப்பாக்கள் கைதாவது பெரும்பாலும் சின்ன விஷயங்களுக்கு: சீட்டுப் பணம், காசோலை, நிலப்பத்திரம், குடித்துவிட்டு நடந்த கைகலப்பு. சிலர் செய்திருப்பார்கள், சிலர் செய்திருக்க மாட்டார்கள். மனைவி தாம்பரத்தில் விடியற்காலையில் பஸ் பிடித்து, நகரத்தைக் குறுக்கே கடந்து, வடக்கு முனையில் புழல் சிறைக்குப் போய், சில நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்புவாள். அதே சபையில் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறை ஊழியம் என்று கேக்கும் சோப்பும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்கள். முகம் தெரியாத கைதியிடம் போவது எளிது. மத்தேயு 25ஆம் அதிகாரம் அதற்குத் துணை நிற்கிறது. ஆறாவது வரிசையில் உட்காரும் பெண்ணின் கணவன் கைதியானால்தான் என்ன பேசுவது என்று தெரியாமல் போகிறது. ஜெபக்குறிப்பில் "ஒரு குடும்பத்தின் கட்டுகள் அறுபட" என்று வரும். பெயர் சொல்லமாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். வீட்டு ஜெபக்கூட்டம் முறை வைத்து வரும்போது அந்த வீட்டைத் தாண்டிப் போகும், "சிஸ்டருக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம்" என்ற அக்கறையோடு. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் தானே நின்றுகொள்வாள். மகள் பாடகர் குழுவில் பின்வரிசைக்குப் போவாள். சபைப் பதிவேட்டில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவன் பெயர்தான். சந்தாவும் அவன் பெயரில். அவன் உள்ளே போனதும் இவளுடைய விசுவாசத்துக்கே முகவரி இல்லாமல் போய்விடுகிறது. சாட்சி நேரத்தில் இவள் எழுந்து நிற்க முடியாது. அந்தப் பேச்சின் இலக்கணம் கண்டிப்பானது: துன்பம் வந்தது, ஜெபித்தோம், ஜெயம் கிடைத்தது. கடைசி வினைமுற்று இறந்தகாலத்தில் இருந்தாக வேண்டும். ஜாமீன் கிடைக்காத நிகழ்காலத்துக்கு அதில் இடமில்லை.

இதைவிடக் கடினமான வீடு ஒன்று உண்டு. அப்பா கைதானதே அம்மாவோ மகளோ கொடுத்த புகாரால் என்றால்? அப்போது சபை விரைந்து வரும். முறை வைத்துத் தாண்டிப் போகாது. மூப்பர்கள் வருவார்கள், மூத்த பெண்களும் வருவார்கள்; மன்னிப்பைப் பற்றி, பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி, புகாரைத் திரும்பப் பெறுவதைப் பற்றிப் பேசுவார்கள். "ஊருக்கு முன்னால நம்ம சாட்சி என்ன ஆகும்?" என்பார்கள். இரண்டு பொருள்களும் நேருக்கு நேர் நிற்கும் இடம் அது. கண்டதை, தன் உடம்பில் பட்டதைச் சொன்னவளிடம் சாட்சியைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். காவல் நிலையத்தில் பெண்ணின் வாக்குமூலத்தை நம்பாத ஆணைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அதே நம்பாமை பாட்டுப் புத்தகத்தோடும் பழத்தோடும் வீட்டுக்கு வரும்போது அதற்கு நம்மிடம் விமர்சன மொழி இல்லை. வந்தவர்கள் நல்லவர்கள் என்பது வேறு வாயை அடைத்துவிடுகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம், கைது நடந்த பிறகு சபை என்ன செய்தது என்று சொல்லும் பகுதி. ஏரோது பேதுருவைப் பிடித்து வைத்திருக்கிறான். சபை கூடியிருப்பது ஒரு பெண்ணின் வீட்டில், மாற்கு என்னும் யோவானின் தாய் மரியாளின் வீட்டில். வீட்டுத் தலைவராக அங்கே எந்த ஆணின் பெயரும் இல்லை. விடுதலையாகி வந்த பேதுரு கதவைத் தட்டுகிறார். பார்க்க வருகிறவள் ரோதை என்ற பணிப்பெண். குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமல் உள்ளே ஓடிச் சொல்கிறாள். உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். அவள் மறுபடியும் அதையே சாதிக்கிறாள். அப்படியானால் அது அவருடைய தூதனாக இருக்கும் என்கிறார்கள். யாருடைய விடுதலைக்காக இரவெல்லாம் ஜெபித்தார்களோ அவர் வாசலில் நிற்கிறார் என்று சொன்ன ஒரே ஆளை நம்புவதைவிட, தேவதூதன் வந்திருக்கிறான் என்று நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். ரோதை வரும் இடத்தில் ஐயர் குரலை மாற்றி அவளைப் போல ஓடிக்காட்டுவார், சபை சிரிக்கும். தாழ்ப்பாளைத் திறக்க மறந்த பெண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவளைப் பைத்தியம் என்றவர்களைப் பார்த்து அல்ல. பேதுரு அதுவரை தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்.